விரல் நுனியில் விலை வித்தியாசம்

மெரினாவில் பலூன் சுட்டவர்களுக்கு இந்த வகைத் துப்பாக்கியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குழலைப் பிடித்து மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். ஈயக் குண்டை வைத்து, குழலை நிமிர்த்தி, டிரிக்கரை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. ஜெர்மனியின் பவேரியாவில் மெல்ரிஷ்டாட் என்ற சிற்றூரில் வைராவுக் நிறுவனம் தயாரிக்கும் எச்.டபிள்யூ. 30-ம் இதே இனம்தான். செய்நேர்த்தியில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

1899-ல் ஹெர்மன் வைராவுக் துரிங்கியாவில் தொடங்கிய தொழில் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதி சோவியத் வசம் போனதும், குடும்பம் மேற்கே வந்து மெல்ரிஷ்டாட்டில் மறுபடி கடை விரித்தது. 1950-களின் தொடக்கத்தில் ஏர் ரைஃபிள் பக்கம் திரும்பியது. அப்போது பிடித்த பேர் இன்றும் கெடவில்லை.

எச்.டபிள்யூ. 30-க்கு ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு: எச்.டபிள்யூ. 30 எஸ். அந்த ஒற்றை 'எஸ்' எழுத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினால், கொடுத்த காசு எங்கே போனது என்று சட்டென்று தெரியாது. குழல் ஒன்றுதான். ஸ்பிரிங்கும் ஒன்றுதான். எடையும் இரண்டரைக் கிலோவாக்கில்தான். குண்டு கிளம்பும் வேகத்திலும் பேதமில்லை. ஜெர்மனியில் 18 வயதானவர் உரிமம் இல்லாமல் வாங்க, ஏர் ரைஃபிளின் ஆற்றல் 7.5 ஜூல்களைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்டவற்றில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அரை கிராம் குண்டுக்கு அந்த ஆற்றல் நொடிக்கு 173 மீட்டர் வேகம் தரும். பெரிய மாடல்களை இந்த வரம்புக்குள் அடக்க வலுவைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சிறிய 30-க்கு அது இயல்பான அளவு.

மிச்சமிருப்பது டிரிக்கர். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

விலை குறைந்ததில் இருப்பது 'பெர்ஃபெக்ட்' என்று பேர் வைத்த எளிய டிரிக்கர். (பேர் கொஞ்சம் அதிகம்தான்.) பாகங்கள் சில, எளிதில் கெடாது. ஆனால் சுருங்கிய ஸ்பிரிங்கின் விசையைத் தாங்கும் கொக்கியை விரல் கிட்டத்தட்ட நேரடியாகவே இழுத்து விடுவிக்க வேண்டும். கொக்கி தானாக நழுவிவிடக் கூடாதென்றால் பிடிமானம் ஆழமாக இருக்க வேண்டும். பிடிமானம் ஆழமானால் இழுவை நீளும், கனக்கும். இழுவை இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக் கிலோ துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய அதே கனத்தை ஒற்றை விரலால் இழுக்க வேண்டும். குறி அசையாமல் என்ன செய்யும்? கொக்கியை அரத்தால் ராவி இழுவையைக் குறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. குழல் மடங்கியிருக்கும்போது அது நழுவினால் விரல் போய்விடும்.

எஸ் மாடலில் இருப்பது 'ரெக்கார்ட்'. இதில் ஸ்பிரிங்கின் சுமை ஒன்றன்பின் ஒன்றாக நெம்புகோல்களில் இறங்கி, விரலுக்கு வரும்போது கரைந்துவிடுகிறது. முதலில் கொஞ்சம் தளர்வாக நகர்ந்து ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதற்கு மேல் நினைத்த மாத்திரத்தில் விடும். பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி இழுவையை அரைக் கிலோவுக்கும் கீழே கொண்டுவரலாம். பக்கத்தில் உள்ள இன்னொரு சின்னத் திருகைச் சீண்டாமல் இருப்பது நல்லது. இதே டிரிக்கர்தான் அந்த நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 80, 97 போன்ற பெரிய மாடல்களிலும் இருக்கிறது. சின்ன வண்டிக்குப் பெரிய வண்டியின் பிரேக் கிடைத்ததுபோல.

ஸ்பிரிங் ரைஃபிளில் டிரிக்கருக்கு இத்தனை மரியாதை ஏன்? விரல் இழுத்த பிறகும் குண்டு உடனே கிளம்புவதில்லை. பிஸ்டன் ஓட வேண்டும், காற்று அழுந்த வேண்டும், குண்டு குழலைக் கடக்க வேண்டும். அதற்குள் துப்பாக்கியே முன்னும் பின்னும் உதறுகிறது. விரலில் தொடங்கிய சின்னக் கோணல் அந்தச் சொற்ப நேரத்தில் பெருத்துவிடும். இரண்டையும் இடுக்கியில் பொருத்திச் சுட்டால், 10 மீட்டரில் அட்டையில் விழும் துளைகளை வைத்து எது எஸ் என்று சொல்வது கடினம். தோளில் வைத்துச் சுடும்போதுதான் தம்பி பின்தங்குகிறான்.

ஆகவே, தோட்டத்தில் தகர டப்பாவை உருட்டுவதுதான் ஆசை என்றால் விலை குறைந்ததே தாராளம். மிச்சமாகும் காசுக்கு நல்ல குண்டுகளாக வாங்கலாம். ஒரே அளவாகச் செய்த குண்டு எந்த டிரிக்கருக்கும் கைகொடுக்கும். அட்டையில் நடுப்புள்ளியைத் துளைக்க நினைப்பவர் எஸ் வாங்குவதே சரி. பின்னாளில் வருந்தி இரண்டாவது துப்பாக்கி வாங்குவதைவிட இது மலிவு.

இவை இரண்டுக்கும் மேலே அமெரிக்காவில் ஒரு பெரியண்ணனும் இருந்தான். விலங்கியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் பீமன் 1972-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் இதே 30 எஸ்ஸை 'ஆர் 7' என்ற பேரில் விற்றது. உள்ளே அதே ரெக்கார்ட் டிரிக்கர், அதே குழல். கட்டையின் கைப்பிடியில் செதுக்கு வரிகள், மேலே பீமன் பேர். அங்கே கூடுதலாகக் கொடுத்த காசு விரலுக்குப் போகவில்லை, கண்ணுக்குப் போனது. அதையும் மனமுவந்து கொடுத்தவர்கள் ஏராளம்.