நெட்டையர்க்கு ஒரு கூடாரம்

மனிதனுக்கு ஈற்றில் ஆறடி நிலம் போதுமென்று உலகோர் சொல்வர். உயிரோடு கூடாரத்திற் படுத்துறங்க விரும்பும் நெட்டையனுக்கோ அது போதவே போதாது! ஆறடி மூன்றங்குல உயரமுள்ள தம் தோழருக்கு எத்தகைய கூடாரம் ஏற்றதெனப் பதுளை மாணவர் சிலர் எம்மை உசாவினர். வேண்டாத வினாவன்று அது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து செல்லும் பீக்கோ நடைபாதை, அப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கங்களையும் தழுவிச் செல்கின்றது. அன்று தேயிலை சுமந்தோர் நடந்த வழிகளிலே இன்று முதுகுப்பையுடன் இளைஞர் நடக்கின்றனர். தோளிற் சுமப்பதாகையாற் கூடாரம் இலேசாயிருத்தல் வேண்டும். ஒருவர்க்குரியது ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ என்றால் நன்று.

ஊவாவின் கோடையைப் பிறவூர்க் கோடையாக எண்ணிவிடலாகாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, வறண்ட காற்றாய் எம்பக்கம் இறங்கும் காலம் அது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் சேர்ப்பதும், அப்புத்தளைக் கணவாயில் ஆளைத் தள்ளுவதும் அந்தக் காற்றேயாம். பகலில் வெயில் எரிக்கும். இரவிற் பனி இறங்கும். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றரளவில் உள்ளது. நமுனுகுலை உச்சியோ 2,036 மீற்றர். ஆகவே கீழே போர்வை வேண்டாத இரவிலும் மேலே எட்டொன்பது பாகை குளிர் மிகுதியாயிருக்கும். அங்கே கால் நனைந்தவன் விடியுமட்டும் உறங்கமாட்டான். உடல் விறைத்தால் உறக்கத்தோடு போகாது, உயிருக்கே கேடாம்.

நெட்டையனின் கால் நனைவது எப்படி? கடைக்காரர் தரும் அட்டையில் ‘நீளம் 215 சென்ரிமீற்றர்’ என்றிருக்கும். நம் நண்பரோ 190 சென்ரிமீற்றர். கால் மீற்றர் மிச்சம் என்று மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த 215 தரையில் அளந்த அளவு. கூடாரச் சுவர் வீட்டுச் சுவரைப் போல நிமிர்ந்து நிற்பதன்று. இருதலையிலும் உள்நோக்கிச் சாய்வது. மல்லாந்து படுத்தவனின் கால்விரல்களோ தரையில் இல்லை. பாயின் தடிப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. சுவர் 60 பாகை சாய்வுடையதாயின், அவ்வுயரத்தில் ஒவ்வொரு முனையிலும் 17 சென்ரிமீற்றர் பறிபோகும். எஞ்சுவது 180! சுவர் 70 பாகையில் எழுந்து நிற்குமாயின் இழப்பு முனைக்குப் பதினொன்றே, 193 எஞ்சும். தலைப்புறம் விரல் அளவு தாழ்வாகையாற் சற்றே இடங்கிடைக்கலாம். அதனைத் தலையணை விழுங்கிவிடும். இரு முனையிலும் ஒரு சாணின் பாதியாவது விடுதல் வேண்டுமாதலின், நிமிர்ந்த சுவருக்கு 230க்கும் சாய்ந்த சுவருக்கு 240க்கும் குறைந்ததை நண்பர் நாடாதிருப்பாராக.

சுவரில் முட்டினால் என்னவென்று கேட்பீர்கள். உறங்குபவனின் மூச்சோடு ஓரிரவில் ஒரு தேநீர்க் கோப்பையளவு நீராவது வெளியேறுகின்றது. குளிர்ந்த துணியில் அது முத்து முத்தாய்ப் படியும். போர்வைப் பை அதனை உரசி உறிஞ்சும். ஆதலால் உட்புறம் வலையும் வெளிப்புறம் மழைத்துணியுமாய் இரட்டைச் சுவருள்ளதே எம் தேர்வு. அட்டைகளும் கொசுக்களும் வலைக்கு வெளியே நிற்பது மற்றோர் இலாபம்.

நீளமான ஒற்றையாட் கூடாரம் கிடைப்பதரிது. அகப்படாவிடின் இருவர்க்குரியதை வாங்கிக் கோணலாகப் படுக்கலாம். 215 நீளமும் 130 அகலமும் உள்ள தரையின் மூலைவிட்டம் எவ்வளவு? பைதகரஸ் தேற்றத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்தவர்கள் இப்போது பென்சிலை எடுக்கட்டும், 251 வரும். உடலின் அகலமும் மூலைச் சாய்வும் அதிற் கொஞ்சம் கவரும். எனினும் அரைக் கிலோ மிகைச் சுமைக்கு இது தகும் விலையே. படுப்பதை மட்டும் பார்த்து இருப்பதை மறந்துவிடாதீர்கள்: 190 சென்ரிமீற்றர் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மீற்றர். உச்சி அதற்கும் குறைவானால், சட்டை மாற்றவும் முதுகு வளைக்க வேண்டிவரும்.

வாங்குமுன் கடையிலேயே விரித்துக் கட்டச் சொல்லிப் பாயோடும் போர்வைப் பையோடும் உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும். வெளியே ஒருவர் நின்று, துணி எங்கே புடைக்கின்றதென்று கவனிக்கட்டும். கூச்சப்பட்டால் நட்டம் உமக்கே.

பணமில்லாத மாணவர்க்கு ஒரு வழி உண்டு. எம் தாய்மார் கொழுந்தெடுக்கையில் இடுப்பிற் கட்டுவதும் படங்கு. கூரைக்கு விரிப்பதும் படங்கு. மூன்று மீற்றர் அகலமும் நான்கு மீற்றர் நீளமும் உள்ள மெல்லிய படங்கை இரு கோல்களின் மேற் கயிறிட்டுக் கட்டினால், எத்தனை நெட்டையரும் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். காற்றுக்கும் அட்டைக்கும் அது காவலன்று. வறண்ட மாதத்தில், ஒதுக்கமான இடத்தில் மட்டுமே.

எக்கூடாரமாயினும் ஒடுங்கிய கால்முனையைக் காற்றுக்கு எதிராக வைத்து, பக்கக் கயிறுகளை இழுத்துக் கட்டுக. இல்லையேற் காற்று துணியை அமுக்கி, கணக்கிட்டு வாங்கிய நீளத்தைக் காலடியில் விழுங்கிவிடும். நைலோன் துணி பனியில் நனைந்தால் தளர்வதுண்டு. படுக்குமுன் மீண்டும் ஒருமுறை கயிற்றை முறுக்குதல் வேண்டும். பொலியெஸ்டர் அவ்வளவு தளராது.

தோட்ட நிலம் உடைமையாளருடையது. நிர்வாகத்திடம் இசைவு பெற்றே தங்க வேண்டும். ஒக்டோபரிலிருந்து மழை எம்பக்கம் திரும்பிவிடும். கொஸ்லந்தைக்கருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி. அக்காலத்திற் சரிவிலே கூடாரமடிப்பது தகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துச் செல்லுங்கள். வறண்ட மாதங்களில் மானாப்புல் எளிதிற் பற்றிக்கொள்ளும். அடுப்பைப் புல்லில் வையாது கல்லின்மேல் வைக்கவும். காற்று எவ்விடத்தில் ஓயுமென்பதைத் தோட்டத்துக் காவற்காரரிடம் கேட்டால், எந்த வரைபடத்தையும் விடத் திருத்தமாகச் சொல்வார்.