விருந்தினர் ஊடுபயிர், விவசாயமே முதற்பயிர்

கடலை ஒட்டிய ஒரு பண்ணையில் ஒரு வாரம் தங்குவதற்கு நகரத்துக் குடும்பம் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் கட்டிலுக்கும் மெத்தைக்குமா, கறவைப் பசுவுக்கும் கன்றுக்குமா? இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால், டெவன் மாவட்டங்களின் விவசாயிகள் பல தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்து வருகிறார்கள். விவசாயம் நடக்கும் வரையில்தான் விருந்தினர் வருமானம் விவசாயியிடம் நிலைக்கும் என்பதே அவர்களுடைய அனுபவம் காட்டும் பாடம்.

மணலுக்குப் பின் மனிதர்

அப்பகுதியில் கடலுக்கும் வயலுக்கும் உள்ள உறவு பழையது. சிப்பித் தூள் கலந்த கடற்கரை மணலில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அமிலத் தன்மை மிகுந்த உள்நாட்டு நிலங்களைத் திருத்த விவசாயிகள் அதை ஏற்றிச் சென்று இட்டார்கள். மணலைக் கொண்டு செல்வதற்காகவே ப்யூட் என்ற கடலோர ஊரிலிருந்து கால்வாய் வெட்டி 1823இல் திறந்தார்கள். 1859இல் டேமார் ஆற்றின் மேல் ரயில் பாலம் அமைந்தது. கடல் காண வருவோர் கூட்டம் பெருகியது. பண்ணை வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, காலை உணவும் அளித்து, பண்ணைப் பெண்கள் நாலு காசு பார்த்தார்கள்.

கைச்செலவுக்கு உதவிய அந்த வருமானம் 1984இல் அவசியத் தேவையாகிவிட்டது. பால் உற்பத்தி மிதமிஞ்சிப் போனதால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால் ஒதுக்கீட்டு முறையைக் கொண்டு வந்தது. ஒதுக்கிய அளவுக்கு மேல் விற்கும் பாலுக்கு அபராதத் தீர்வை விதிக்கப்பட்டது. இம்முறை 2015 வரை நீடித்தது. மாடுகளைக் குறைக்க நேர்ந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். பழைய கல் தொழுவங்களும் தானியக் கொட்டகைகளும் பெரிய டிராக்டர் நுழைய முடியாமல் சும்மா கிடந்தன. அவற்றைப் பழுது பார்த்து, சமையலறையுடன் கூடிய சிறு வீடுகளாக மாற்றினார்கள். விருந்தினர் தொழில் செய்யும் பண்ணைக்காரர்கள் 1983இலேயே தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்திருந்தனர்.

எதற்காக வருகிறார்கள்?

வெறும் வீடு வேண்டுமானால் கடற்கரை நெடுகிலும் கிடைக்கும். பண்ணைக்கு வரும் குடும்பத்தின் பிள்ளை காலையில் கோழிக் கூண்டில் கைவிட்டுச் சூடு ஆறாத முட்டையை எடுக்கிறது. புட்டியில் பால் ஊற்றிக் கன்றுக்குப் புகட்டுகிறது. மாலையில் பசுக்கள் கறவைக்குத் திரும்புவதை வேலியோரம் நின்று பார்க்கிறது. மாட்டை விற்று, நிலத்தையும் குத்தகைக்கு விட்டு, வீட்டை மட்டும் வைத்திருப்பவரிடம் இவை ஏதும் இல்லை. அவர் ஆயிரம் வீட்டுக்காரர்களில் ஒருவராகி, வாடகையைக் குறைத்துப் போட்டியிட வேண்டியதுதான்.

சனிக்கிழமைக் கணக்கு

வாடகையை எண்ணுவோர் பலர் உழைப்பை எண்ணுவதில்லை. கோடையில் இவ்வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என வாரக் கணக்கில் விடுவது வழக்கம். காலையில் ஒரு குடும்பம் கிளம்பும். மாலைக்குள் அடுத்த குடும்பம் வந்துவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் படுக்கை விரிப்பு மாற்றி, சமையலறை, கழிப்பறை யாவும் துப்புரவு செய்தாக வேண்டும். பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆறு வாரம் நடக்கும். பார்லி, கோதுமை அறுவடையும் அதே நாட்களில்தான். மழை மேகம் திரளும்போது ஆண்கள் அறுவடையில் இருப்பார்கள். விருந்தினர் வேலை முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். ஆகவே இந்த வருமானம் அவர் பெயரில் தனிக் கணக்கில் சேர்வதே நியாயம். பால் பணத்தோடு அது கலந்துவிட்டால் தொழில் லாபமா நஷ்டமா என்பதும் தெரியாது; உழைத்தவருக்கு உரிமையும் இராது.

கோமாரி கற்பித்த பாடம்

விளைச்சல் பொய்த்தாலும் விருந்தினர் கைகொடுப்பார் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. டெவன் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. நோய் பரவாமலிருக்க வயல்வெளி நடைபாதைகள் மூடப்பட்டன. கிராமப்புறத்துக்கு வருவோர் குறைந்துபோனதால், நோய் தீண்டாத பண்ணைகளின் விருந்தினர் வீடுகளும் வெறிச்சோடின. ஒரே வறட்சியில் முதற்பயிரும் ஊடுபயிரும் சேர்ந்து காய்ந்த கதைதான். விருந்தினரை நம்பிப் பெருங்கடன் வாங்கியவர் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசின் சலுகையையும் நிரந்தரமாக நம்புவதற்கில்லை. ஆண்டில் குறைந்தது 105 நாள் வாடகைக்கு விடப்பட்ட விடுமுறை வீட்டுக்கு அங்கே வரியில் தனிச் சலுகை இருந்தது. 2025 ஏப்ரலில் அது நீக்கப்பட்டுவிட்டது.

சுகாதாரமும் முக்கியம். 2009இல் லண்டனுக்குத் தெற்கே, பார்வையாளர்களை அனுமதித்த ஒரு பண்ணையில் கால்நடைகளிடமிருந்து ஈ.கோலி கிருமி தொற்றி 90க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். கன்றைத் தொட்ட கையை சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவியாக வேண்டும். அதற்குத் தொழுவத்தின் அருகிலேயே குழாய் இருப்பது அவசியம்.

சட்டம் யாருக்குத் துணை?

இன்னொரு கேடும் உண்டு. வெளியூர்ப் பணக்காரர்கள் கடலோரத்தில் வீடுகளை வாங்கிக் குவித்ததால் உள்ளூர் இளைஞர்களுக்குக் குடியிருக்க வீடு எட்டாத விலையாயிற்று. கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் மக்கள், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்று 2016இல் வாக்களித்தார்கள். ஆண்டு முழுவதும் பண்ணையிலேயே வாழ்ந்து, பழந்தொழுவத்தைத் திருத்தி விருந்தினரை ஏற்பவரையும், பூட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரரையும் ஒரே தராசில் நிறுப்பது முறையாகாது.

இவ்விஷயத்தில் இத்தாலியின் வழி சிறந்தது. விருந்தினர் தொழிலைப் பண்ணை விவசாயத்துடன் இணைத்து அந்நாடு 1985இல் சட்டம் இயற்றியது. 2006இல் வந்த புதிய சட்டமும் விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும் என்கிறது. பயிர் செய்யாதவர் பண்ணை என்ற பெயரில் விடுதி நடத்த அங்கே இடமில்லை.

இந்தியாவிலும் மகாராஷ்டிர அரசு 2020இல் வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. எந்த மாநிலம் இத்தொழிலுக்குச் சலுகை தந்தாலும், அது உழுகிறவருக்கே போய்ச் சேருமாறு விதி செய்ய வேண்டும். இல்லையேல் பண்ணை என்று பலகை மாட்டிய விடுதிகளே பலன் பெறும்.

இதில் இறங்க எண்ணும் சிறு விவசாயி, இருக்கிற கட்டடத்தில் ஓர் அறையோடு, கைச்சேமிப்பைக் கொண்டு தொடங்குவது நல்லது. சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் முதல் தேவை. கிணற்றுக்குத் தடுப்புச் சுவரும், பூச்சிமருந்துக்குப் பூட்டும் இல்லாத இடத்தில் பிறர் பிள்ளைகளை அனுமதிக்கக் கூடாது. அறுவடை வாரத்தில் வீட்டில் ஆள் போதாதென்றால் அந்த வாரம் விருந்தினர் வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மாட்டையும் நிலத்தையும் விற்று விடுதி கட்டச் சொல்லும் தரகரின் பேச்சுக்கு மட்டும் காது கொடுக்கலாகாது.