அரசியல் சாஸ்திரமும் கறுப்பின மக்களும்

மாணவர்களைச் சேர்க்கும்போது அவர்களுடைய இனத்தைக் கருத்திற் கொள்ளலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்ததிலிருந்து, அந்நாட்டுச் சர்வகலாசாலைகளில் கறுப்பின மக்களுக்குரிய ஸ்தானம் யாது என்ற பழைய வினா மீண்டும் வலுத்திருக்கிறது. வகுப்பில் யார் அமர்வது என்ற விவாதம் அவசியமானதே. ஆயினும், அவ்வகுப்பில் யாருடைய நூல்கள் பயிலப்படுகின்றன என்பது அதனினும் ஆழமான பிரச்சினை. ஆட்சியையும் குடியுரிமையையும் ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட அரசியல் சாஸ்திரத்துக்கு அப்பிரச்சினையைத் தட்டிக்கழிக்கும் உரிமை சிறிதும் இல்லை.

அந்தச் சாஸ்திரத்தின் பூர்வ சரித்திரம் பெருமைக்குரியதன்று. கொலம்பியா சர்வகலாசாலையில் 1880இல் அரசியல் சாஸ்திரப் பள்ளியை நிறுவிய ஜான் பர்ஜெஸ், அடிமைத்தளையினின்று விடுபட்டவர்களுக்கு வாக்குரிமை வழங்கியதே பெரும்பிழை என்று எழுதினார். அங்கேயே போதித்த வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணாக்கர்களும், உள்நாட்டுப் போருக்குப் பிந்திய புனர்நிர்மாணக் காலத்தைக் கறுப்பர்களின் தகுதியின்மைக்கு அத்தாட்சியாகச் சித்திரித்தார்கள். கறுப்பர்களின் வாக்குரிமைக்காக 1870இல் நிறைவேறிய 15ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைத் தென் மாநிலங்கள் வாக்குவரி, எழுத்தறிவுச் சோதனை முதலிய உபாயங்களால் பயனற்றதாக்கியபோது, அந்த அநீதிக்குப் பண்டிதர்களின் ஆசி இவ்வாறு கிடைத்தது. 1903இல் தோன்றிய அமெரிக்க அரசியல் சாஸ்திர சங்கத்துக்கு டன்னிங்கும் தலைவராயிருந்தார். பின்னர் ஜனாதிபதியாகி, மத்திய அரசு அலுவலகங்களில் இனப் பிரிவினை பரவ இடங்கொடுத்த உட்ரோ வில்சனும் தலைவராயிருந்தார்.

இதற்கு மறுப்புரைக்கக் கறுப்பினத்தில் அறிஞர் இல்லாமற் போகவில்லை. டு பாய்ஸ் 1935இல் வெளியிட்ட புனர்நிர்மாணச் சரித்திரம், தென் மாநிலங்களில் பொதுப் பள்ளிக்கூடங்கள் வேரூன்றியதற்கே கறுப்பர்கள் பங்குபெற்ற அந்த ஆட்சிகள் காரணம் என்பதை நிலைநாட்டிற்று. அமெரிக்கச் சரித்திர சங்கத்தின் பிரதான சஞ்சிகையோ அந்நூலுக்கு அப்போது ஒரு மதிப்புரையும் வெளியிடவில்லை. ஹோவர்ட் சர்வகலாசாலையில் அரசியல் சாஸ்திரத் துறையை நிறுவி, 1934இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டமும் 1950இல் நோபல் சமாதானப் பரிசும் பெற்ற ரால்ஃப் பன்ச், 1953இல் அரசியல் சாஸ்திர சங்கத்தின் தலைவரானார். அவருக்குப் பின் லூசியஸ் பார்க்கர் என்ற இன்னொரு கறுப்பினத்தவர் அப்பதவியை எய்துவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்றன. கறுப்பின அறிஞர்கள் 1969இல் தங்களுக்கெனத் தனி மாநாட்டு அமைப்பொன்றைக் கண்டதில் வியப்பென்ன?

நூல்கள் தகுதியைக் கொண்டு தெரிந்தெடுக்கப்பட வேண்டுமேயன்றி, ஆசிரியரின் பிறப்பைக் கொண்டன்று என்பார் உளர். அந்த விதியை நாமும் முழுமனத்தோடு ஏற்கிறோம். அவ்விதி மீறப்பட்டதுதான் நமது குறை. டன்னிங்கின் சித்தாந்தம் தலைமுறைக் கணக்கில் பாடமாக நிலைத்ததும், அதைப் பிழையென்று காட்டிய டு பாய்ஸ் புறக்கணிக்கப்பட்டதும் தகுதியால் நேர்ந்தவையல்ல. பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் டு பாய்ஸின் பக்கமே வந்து சேர்ந்தார்கள். தவிரவும், 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தென்னகத்துக் கறுப்பர்களில் பெரும்பாலோர் வாக்குச் சாவடியை நெருங்கவும் இயலாதிருந்த ஒரு தேசத்தை, நூற்றாண்டுகளாக இடையறாது நடந்துவரும் ஜனநாயகமென்று ஒரு பாடம் வர்ணிக்குமாயின், அது அநீதி மட்டுமன்று, அசத்தியமுமாகும்.

ஆகையால், இன அரசியலை விரும்பினோர் மட்டும் படிக்கும் உபபாடமாக ஒதுக்கிவைப்பதோடு சர்வகலாசாலைகள் திருப்தியடைந்துவிடலாகாது. ஜனநாயகத்தையும் கட்சிகளையும் அரசியலமைப்பையும் போதிக்கும் கட்டாயப் பாடங்களிலேயே டு பாய்ஸும் பன்சும் அவர்களுக்குப் பின்வந்தோரும் இடம்பெற வேண்டும். கறுப்பின மாணவர்களை மேற்படிப்புக்கு ஆயத்தம் செய்யப் பன்ச் பெயரால் 1986 முதல் நடந்துவரும் கோடைப் பயிற்சியைப் போன்ற முயற்சிகள் குன்றாமல் வளர வேண்டும். ஆசிரியர் நியமனங்களில் பழைய பாரபட்சம் நிவர்த்தியாக வேண்டும். ஆளப்படுவோரில் ஒரு பகுதியினரைக் காணாமல் ஆட்சியை ஆராயும் சாஸ்திரம் சாஸ்திரமென்ற பெயருக்கு உரியதாகாது.