பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று!

2004 டிசம்பர் 26. சுனாமி அடித்ததில் அந்தமான் நிக்கோபாரில் பல இடங்களில் தொலைபேசி செத்துப்போனது. ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காக அப்போது போர்ட் பிளேயரில் இருந்தார் பாரதி பிரசாத். 'நம்ம ஆளு உயிரோட இருக்காரா?' என்று தவித்த பல குடும்பங்களுக்கு, அவருடைய குழுவின் சிற்றலைக் கருவிகள்தான் பதில் வாங்கித் தந்தன.

போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்கு 1,300 கி.மீ.க்கு மேல். நடுவில் கடல்தான், டவர் கிடையாது. பிறகு குரல் எப்படி வந்தது?

நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் இருக்கிறது. சூரியக் கதிர்பட்டு மின்னேற்றம் பெற்ற காற்று அது. மேலே போகும் சிற்றலை, அங்கே வளைந்து பூமிக்கே திரும்பிவிடும்.

ஆனால், எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை என்று தெரிய வேண்டும். பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் உருவாகும் கீழடுக்கு, குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். அதனால் தூரத்துக்குப் பேச 14 மெகாஹெர்ட்ஸ் போல உயர்ந்ததுதான் கைகொடுக்கும். இருட்டியதும் கீழடுக்கு மறையும், மேலடுக்கும் மெலியும். அப்போது 14 பெரும்பாலும் வளையாமல் விண்வெளிக்குப் போய்விடும். 7-க்கு இறங்க வேண்டும்.

பரணில் பழைய ரேடியோ இருக்கிறதா? இன்று இரவு 41 மீட்டர் பக்கம் முள்ளைத் திருப்பிப் பாருங்கள். பகலில் இரைச்சலாக இருந்த இடத்தில் ஏதோ ஒரு நாடு பேசும்.

வீட்டில் 12 வயது நிரம்பிய பிள்ளை இருந்தால் இன்னொரு விஷயம்: மத்திய அரசின் தேர்வெழுதி அவர்களும் ஹாம் உரிமம் வாங்கலாம்!