நீரடியை அளப்போம்

'ஆழந் தெரியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. ஆற்றில் இறங்குவோர்க்கு மட்டுமன்றி, அணைகளையும் ஏரிகளையும் பேணுவோர்க்கும் இஃது ஏற்ற அறிவுரையாகும்.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. நீர்மட்டம் 120 அடியை எட்டினால் அதில் 93.47 டி.எம்.சி. நீர் தேங்கும் என்பது கணக்கு. அணை நிறைந்தது எனக் கேட்டதும் உழவர் உள்ளம் பூரிக்கின்றது. ஆயினும், மட்டத்தைக் காட்டும் அளவுகோல் நீரின் மேற்பரப்பை மட்டுமே அறியும். ஆற்றுநீர் கொணரும் வண்டல் அடியில் படியப் படிய, மட்டம் மாறாதிருக்கவே நீரின் அளவு குறைந்துவிடும். ஆதலின், மேலே அளப்பதோடு நில்லாமல் அடியையும் அளத்தல் வேண்டும்.

பண்டு இதற்குக் கழியும் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டும் பயன்பட்டன. இன்று ஒருவரே எடுத்துச் செல்லத்தக்க எதிரொலி ஆழமானிகள் வந்துள்ளன. சிறு படகிற் பொருத்திய இக்கருவி, நீருக்குள் ஒலியைச் செலுத்துகின்றது. அவ்வொலி தரையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கணிக்கின்றது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். போய்வர நொடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு ஆயின், ஆழம் 6 மீட்டர் ஆகும்.

கருவி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்பர் சிலர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. நீரின் வெப்பம் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். எனவே, தெரிந்த ஆழத்தில் ஒரு தகட்டை இறக்கிக் கருவியைச் சரிபார்த்தல் வேண்டும். அதிர்வு மிகுந்த ஒலி இளஞ்சேற்றின் மேற்புறத்திலேயே மோதித் திரும்பும். அதிர்வு குறைந்த ஒலி சேற்றை ஊடுருவிச் செல்லும். நீர்ப்பாசியும் பொய்யான தரையைக் காட்டும். மிகக் குறைந்த ஆழத்தில், அனுப்பிய ஒலியின் அதிர்வு அடங்குமுன்னரே எதிரொலி வந்து கலந்துவிடும். அங்கே பழைய கழியே துணை. கருவியைப் போற்றுவோர் கழியை எறிந்துவிடலாகாது.

ஒருமுறை அளந்து ஏட்டில் எழுதி வைத்தலும் போதாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதே இடங்களில், அதே முறையில் அளந்து ஒப்பிட்டால்தான் வண்டல் எங்கே, எவ்வளவு சேர்ந்தது என்பது விளங்கும். அதனை அந்நீரை நம்பி வாழும் உழவர்க்கும் அறிவித்தல் வேண்டும். இருக்கும் நீரை அறியாமல் பயிரிடுவது, கையிருப்பை எண்ணாமல் செலவு செய்வதை ஒக்கும்.

மாணவர்களே! நாளை நீர்நிலைகளைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. நிறைந்த ஏரியின் அழகைக் கண்டு மகிழுங்கள். அதன் அடியையும் அளந்தறியுங்கள்.