பன்னிரண்டு பேர் போதுமா?

1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற விண்வெளிப் போர் கம்ப்யூட்டர் விளையாட்டை இன்றும் விடாமல் ஆடுகிறவன் நான். டெரன், புரோட்டாஸ், ஸெர்க் என மூன்று இனங்கள். கட்டடம், படை, ஆடும் விதம் எல்லாமே வேறு வேறு. ஆனாலும் எதை எடுத்தாலும் ஜெயிக்கலாம். அதற்கு ஒரு கும்பிடு!

ஆனால் ஒரே சமயத்தில் 12 வீரர்களுக்குத்தான் கட்டளையிட முடியும். நூறு ஸெர்க்லிங்கை அனுப்ப ஒன்பது தடவை மவுஸை இழுக்கணும். அதற்குள் எதிரியின் டாங்கி பாதியைச் சுட்டுத் தள்ளிவிடும். டிராகூன்களோ மேட்டுப் பாதையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திணறும்.

"அதை சமாளிக்கிறதுதாண்டா திறமை"ங்கிறான் என் ரூம்மேட். கொரியாவில் இதை டி.வி. போட்டியாகவே நடத்தினார்கள், வாஸ்தவம். 2017-இல் படங்களை மெருகேற்றினார்கள். அந்தப் பன்னிரண்டை மட்டும் தொடவில்லை. புரோகிராம் எழுதப் படிக்கிற நாமே குறையைத் திறமை என்று சொல்லலாமா? ராத்திரி மறுபடியும் ஆடத்தான் போகிறேன், அது வேறு விஷயம்.