குளக்கரையில் ஒரு சைக்கிள் பாதை!

ராயகிரி ஒரு சிறிய பேரூர். தென்காசி மாவட்டத்தில், சிவகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. கிழக்கே பார்த்தால் வயல். இரண்டுக்கும் நடுவே குளங்கள்.

இந்தப் பக்கத்தில் குளம் இல்லாத ஊர் அபூர்வம். குளம் என்றால் கரை உண்டு. கரை என்றால் அதன் மேல் ஒரு பாதை உண்டு. மாடு நடந்த பாதை. உழவர் மண்வெட்டியோடு நடந்த பாதை. மடை திறக்க நீர் பாய்ச்சுகிறவர் போன பாதை.

அந்தப் பாதைக்கு இன்று இன்னொரு வேலையும் கொடுக்கலாம். அதில் சைக்கிள் விடலாம்!

"இது என்ன பெரிய விஷயம்? பையன்கள் இப்போதே விடுகிறார்களே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கரைகள் இருக்கிற நிலையில், நாளைக்கும் விட முடியுமா? அதுதான் கேள்வி.

மலைச் சைக்கிள் பிறந்த கதை

தார் ரோட்டை விட்டு விலகி, ஆற்றங்கரை, ஏரிக்கரை, மலைப்பாதை என்று சைக்கிளில் போவது உலகம் முழுவதும் இப்போது பெரிய பொழுதுபோக்காக இருக்கிறது. அதற்கென்றே தனி சைக்கிள் உண்டு. அதற்கு "மவுண்டன் பைக்" என்று பெயர். மலைச் சைக்கிள் என்று சொல்லலாம்.

அது பெரிய தொழிற்சாலையில் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சில வாலிபர்கள் இருந்தார்கள். பழைய சாமான்களோடு கிடந்த கனமான சைக்கிள்களை அவர்கள் வாங்கினார்கள். அவற்றின் டயர்கள் தடிமனானவை. அந்தச் சைக்கிள்களோடு மலை உச்சிக்குப் போய், மண் பாதையில் வேகமாக இறங்கினார்கள். 1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அப்படி ஒரு போட்டியே நடத்தினார்கள்.

அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் வேடிக்கையானது. "ரீபேக்" என்றார்கள். திரும்ப நிரப்புவது என்று அர்த்தம். பிரேக் பிடித்துப் பிடித்து, பின் சக்கரத்தின் நடுவில் உள்ள கிரீஸ் எல்லாம் சூட்டில் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் புதிதாகக் கிரீஸ் நிரப்ப வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்!

மறு வருஷமே, அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு சைக்கிளைச் செய்தார். இருபது ஆண்டுகள் கூட ஆகவில்லை. 1996-ம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்த சைக்கிளில் என்ன விசேஷம்? டயர் அகலமானது. அதில் மேடு மேடாக ரப்பர் முடிச்சுகள் இருக்கும். அவை மண்ணைக் கவ்விப் பிடிக்கும். சங்கிலிக்குப் பல பல்சக்கரங்கள் உண்டு. ஏற்றத்தில் ஒன்று, சமதளத்தில் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

குளக்கரைக்கு இத்தனையும் வேண்டியது இல்லை. பால்காரர் விடும் சைக்கிள் போதும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் போதும். ஏன் தெரியுமா?

ஏற்றம் இல்லாத பாதை

தண்ணீர் எப்போதும் மட்டமாக நிற்கும். அந்தத் தண்ணீரைத் தேக்குவதற்குப் போட்டதுதான் கரை. ஆகவே கரையின் மேல்தளமும் பெரும்பாலும் மட்டமாகவே இருக்கும். ஏறி மூச்சு வாங்க வேண்டியது இல்லை. இறங்கி பிரேக் பிடிக்க வேண்டியதும் இல்லை.

இன்னும் ஒன்று. இந்தப் பகுதியில் மலை மேற்கே இருக்கிறது. தண்ணீர் கிழக்கே ஓடுகிறது. ஆகவே குளத்தின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம், வில்லைப் போல வளைந்து இருக்கும். காலையில் அதன் மேல் சைக்கிள் விடுகிறவருக்கு சூரியன் முதுகுப் பக்கம். கண்ணுக்கு எதிரே தண்ணீர். அதற்கு அப்பால் வெயில் பட்ட மலை. அந்த மலையின் நிழல் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் இரை தேடும். இந்தக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது!

மேல் குளம் நிரம்பினால் தண்ணீர் மறுகால் பாய்ந்து கீழ்க் குளத்துக்குப் போகும். இப்படிக் குளங்கள் சங்கிலியாக இருக்கின்றன. ஆகவே ஒரு கரை முடிந்தால், வாய்க்கால் ஓரமாகவே அடுத்த கரைக்குப் போய்விடலாம்.

எந்த மாதம் நல்லது?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பெய்கிறது. குளங்கள் நிறைகின்றன. அப்போது கரை ஈரமாக இருக்கும். சைக்கிள் வேண்டாம். தை பிறந்ததும் கரை காய்ந்துவிடும். குளத்திலோ தண்ணீர் இருக்கும். தையும் மாசியும்தான் மிக நல்ல மாதங்கள்.

தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு பருவமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல். ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும். 1992-ல் வந்த "ரோஜா" படத்தில் பார்த்த ஊர் அது. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதன் கரையோரச் சிற்றூர்களுக்கும் வயல்களுக்கும் காரில் போனால் பாதி காட்சி கண்ணில் படாது. நடந்து போனால் பாதி தூரம்தான் போக முடியும். சைக்கிள்தான் சரி!

ரோட்டை விடக் கரை நல்லது

இது வெறும் உல்லாசக் காரியம் அல்ல. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ம் வகுப்புப் படிக்கும் மாணவ, மாணவிகளுக்கு அரசாங்கம் இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. 2001-ம் ஆண்டு சில பிரிவு மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. பிறகு எல்லோருக்கும் வந்தது.

சைக்கிள் கிடைத்துவிட்டது. பாதை? ராஜபாளையத்தில் இருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி போகும் தேசிய நெடுஞ்சாலையில், கேரளத்துக்குப் போகும் லாரிகளும் பஸ்களும் பறக்கின்றன. அந்த ரோட்டின் ஓரத்தில் பிள்ளை சைக்கிளில் போனால், வீடு திரும்பும் வரை தாயின் மனசு அடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே குளக்கரை இருந்தால், அதில் லாரி வராது என்றால், அந்தப் பயம் பாதியாகக் குறையும்.

பெண்களுக்கு சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்டக் கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள்! வயலில் வேலை செய்தவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள், கிராம நர்சுகள் எல்லோரும் சைக்கிள் ஏறினார்கள். முதலில் ஊர் கேலி செய்தது. பிறகு வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும் அவர்கள் யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

சைக்கிள் பழகுவதற்குக் கூட்டமும் வேகமும் இல்லாத இடம் வேண்டும். கிராமத்தில் அது எங்கே இருக்கிறது? அகலமான குளக்கரையில்தான்.

கரைக்கு எமன் எது?

மண் கரைக்கு சைக்கிள் கெடுதல் செய்யாது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ இருந்தால் அதிகம். மண் ஏற்றிய டிப்பர் லாரியோ பல டன்.

லாரி போனால் கரையில் இரண்டு பள்ளக் கோடுகள் விழும். மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கும். தேங்கிய தண்ணீர் சரிவில் வழி தேடும். சிறு ஓடை போல மண்ணை அரித்து இறங்கும். அடுத்த மழையில் அது இன்னும் ஆழமாகும். பெருமழையில் உடைப்பு எடுத்தால், குளமும் போச்சு! கீழே உள்ள வயலும் போச்சு! முதலில் பாதையாகக் கெட்டது, கடைசியில் கரையாகவே கெடுகிறது.

அடுத்த எமன் ஆக்கிரமிப்பு. கரைச் சரிவை வெட்டி, தோட்டத்தோடு சேர்த்துக்கொள்வது. குளங்களைக் காக்கவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் யாரும் போகாத கரையில் யார் என்ன செய்தாலும் தெரியாது. தினமும் பத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற கரையில், ஒரு சட்டி மண்ணை வெட்டினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பாதை இருந்தால் கரை பிழைக்கும். கரை பிழைத்தால் குளம் பிழைக்கும்.

வேலைக்குப் போட்ட பாதை

ஐரோப்பாவில் டான்யூப் என்ற பெரிய நதி ஓடுகிறது. ஜெர்மனியின் பாசாவ் நகரில் இருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, அதன் கரையில் 300 கிலோ மீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போகிறது. அதில் பல பகுதிகள் ஒரு காலத்தில் குதிரைகள் நடந்த பாதை. ஆற்றில் வரும் படகுகளை அந்தக் குதிரைகள் கரையில் இருந்து கயிறு கட்டி இழுத்தன. குதிரைகளுக்கு வேலை போயிற்று. பாதைக்கு வேலை போகவில்லை! இன்று அதில் சைக்கிளில் வருகிறவர்களால் கரையோர ஊர்களின் விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வருமானம் வருகிறது.

ஜப்பானில் பீவா என்ற ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி சுமார் 200 கிலோ மீட்டர் சைக்கிளில் வரலாம். 2019-ம் ஆண்டு அந்த நாட்டு அரசாங்கம் அதை தேசிய சைக்கிள் பாதையாக அறிவித்தது.

ராயகிரிக்கு 200 கிலோ மீட்டர் வேண்டாம். நாலு குளக்கரை போதும். டீக்கடைக்காரருக்கும், பதநீர், நுங்கு விற்பவருக்கும், பஞ்சர் ஒட்டுபவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும்

கலிபோர்னியாவில் மலைச் சைக்கிள் பெருகியதும் சண்டையும் வந்தது. நடந்து போகிறவர்களும், குதிரையில் போகிறவர்களும் ஆத்திரப்பட்டார்கள். பல ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை விழுந்தது. வேகமாகப் போகிறவர் ஒதுங்கி வழி விடாவிட்டால், பாதையே மூடப்பட்டுவிடும் என்பது அந்த ஊர் கற்ற பாடம்.

நம் குளக்கரையில் ஆடு மாடு வரும். குழந்தைகள் வருவார்கள். படித்துறையில் பெண்கள் குளிப்பார்கள். கரையில் சாஸ்தா கோவிலும், சுடலைமாடன் பீடமும் இருக்கும். தூரத்திலேயே மணி அடிக்க வேண்டும். படித்துறைப் பக்கம் இறங்கி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். செல்போனை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது.

மலைக் காட்டுக்குள் நுழையக் கூடாது. சிவகிரி முதல் குற்றாலம் வரை மலையடிவாரத்துக் காடுகள் வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே யானை நடமாட்டம் உண்டு. அனுமதி இல்லாமல் போவது குற்றம் மட்டும் அல்ல, உயிருக்கே ஆபத்து.

மறுகாலில் தண்ணீர் பாயும்போது சைக்கிளோடு கடக்கக் கூடாது. முழங்கால் தண்ணீர் ஆளையே இழுத்துவிடும். 2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. ஒரு பள்ளி மாணவர் பலியானார். கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டும் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக, சீமைக் கருவேல முள்! குளக்கரையில் பஞ்சர் நிச்சயம். ஒட்டுத் துண்டு, சொல்யூசன், கைப் பம்பு மூன்றும் பையில் இருக்கட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

கோடிக்கணக்கில் செலவு வேண்டாம். தாரும் சிமெண்டும் வேண்டவே வேண்டாம். தார் போட்டால் மறுநாளே லாரி வந்துவிடும்!

செய்ய வேண்டியவை சிலதான். கரையின் இரண்டு முனைகளிலும் கல் தூண்கள் நட வேண்டும். ஆளும் மாடும் சைக்கிளும் போகலாம். லாரி போக முடியாது என்ற அளவில் இடைவெளி போதும். வண்டிகள் வயலுக்குப் போகக் கரைக்குக் கீழே வண்டிப் பாதை இருக்க வேண்டும். தூர் வாரும் வேலைக்காக லாரி வந்தே தீர வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் பள்ளங்களை நிரப்பிக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் போக வேண்டும். கருவேலத்தை வெட்டலாம், பனையை வெட்டக் கூடாது. பனையின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மடையும் மறுகாலும் உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். அது பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும்.

நீர்வளத் துறையும் பேரூராட்சியும் சேர்ந்து உட்கார்ந்தால், ஒரே கோடையில் இதை முடித்துவிடலாம். அடுத்த தை மாதம், ராயகிரிப் பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் பள்ளிக்கூடம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு சைக்கிள், அம்மா ஒரு சைக்கிள், பிள்ளைகள் ஒரு சைக்கிள் என்று குடும்பத்தோடு கரைக்குப் புறப்படலாம்.

சைக்கிள் விடத் தெரியாத அம்மாக்கள் இருந்தால், அதே கரையில் பழகிக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவதற்கு மகள் இருக்கிறாள்!